ஆஸ்பத்திரியில் பிடித்த நிமோனியா: எந்த ஊசி, எத்தனை நாள்? – வாசகர் கேள்வி பதில்

வேறு ஏதோ நோய்க்காகச் சேர்ந்த இடத்தில் நிமோனியா பிடித்துக்கொண்டது என்று எழுதியவர்கள், வார்டில் ஊசி போடுகிறவர்கள், மருந்துக் கவுன்டரில் நிற்கிறவர்கள் என எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கீழே வரும் அளவுகள் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற பெரியவர்களுக்கானவை. கிரியேட்டினின் கூடியிருந்தால் பல மருந்துகளின் அளவு மாறும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஐந்தாம் நாள் காய்ச்சல், மஞ்சள் சளி, மூச்சு வாங்கல். நிமோனியா என்று பிப்பராசிலின்-டாசோபாக்டம் போடுகிறார்கள். போன வருடம் அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையுமே கேட்டது. அதையே ஏன் அப்பாவுக்குப் போடவில்லை? – திண்டுக்கல் வாசகி

பதில்: அம்மாவுக்கு வந்தது வீட்டில் பிடித்த நிமோனியா. ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு தொடங்குவதை மருத்துவர்கள் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பின் வந்தால் அது வென்டிலேட்டர் நிமோனியா. பெயர் மாறுவதற்குக் காரணம் கிருமி மாறுவதுதான். வீட்டில் இருப்பவர் தொண்டையில் குடியிருப்பது பெரும்பாலும் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சில நாள் படுத்து, ஆன்டிபயாட்டிக்கும் ஏறியபின், அதே தொண்டையில் க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆகியவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தூக்கத்திலும் மயக்கத்திலும் எச்சில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்கும்போது அவையும் கூடவே இறங்குகின்றன.

செஃப்ட்ரியாக்சோன் நல்ல மருந்துதான். ஆனால் சூடோமோனாஸை அது தொடவே தொடாது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் க்ளெப்சியெல்லாவும் ஈ.கோலையும் பெரும்பாலும் அதை உடைத்துப்போடும் ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரக்கின்றன. அதனால்தான் அப்பாவுக்கு வேறு ஊசி. சேர்ந்த மூன்று நாலு நாளுக்குள், முன்பு ஆன்டிபயாட்டிக் எதுவும் போடாத, ரத்த அழுத்தம் நிலையாக உள்ள நோயாளிக்குச் செஃப்ட்ரியாக்சோனே போதும் என்று 2017-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆனால் எதிர்ப்புக் கிருமி குறைவாக உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத்தான் அந்தச் சலுகை. நம் ஐசியு-களில் அந்த நிபந்தனை நிறைவேறுவது அரிது.

கேள்வி: ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். 2016-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் ஐந்து மருந்துகளை வரிசையாகக் கொடுத்து 'இவற்றில் ஒன்று' என்று விட்டுவிட்டார்கள். எதை எடுப்பது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பட்டியலைத் திறக்கும் முன் கேஸ் ஷீட்டில் மூன்றைப் பாருங்கள். கடந்த 90 நாளில் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் போயிருக்கிறதா? பி.பி. இறங்கி, அதை ஏற்ற நாரட்ரினலின் ஓடுகிறதா? இந்த நிமோனியாவாலேயே வென்டிலேட்டர் தேவைப்பட்டதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் ஒரு மருந்தில் தொடங்கலாம். ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் சூடோமோனாஸைத் தாக்கும் இரண்டு வெவ்வேறு வகை மருந்துகளோடு எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமிக்கான (வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபிலோகாக்கஸ்) மருந்தும் சேர வேண்டும். அதோடு உங்கள் ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி துறை வெளியிடும் ஆன்டிபயோகிராமை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஐசியு-வில் சூடோமோனாஸ் எதற்குச் சாகிறது என்பதை வெளிநாட்டு வழிகாட்டுதல் சொல்லாது.

இனி ஒவ்வொன்றாக. பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. சூடோமோனாஸ், சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ், வாயிலிருந்து இறங்கும் காற்றில்லாக் கிருமிகள் எல்லாவற்றையும் பிடிக்கும். அதனால் 'புரை ஏறியிருக்கலாம்' என்று மெட்ரோனிடசோலையும் சேர்த்து எழுத வேண்டாம். இதன் பலவீனம் ஈ.எஸ்.பி.எல். கிருமிதான். செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை, க்ளெப்சியெல்லா ரத்தத்தில் வளர்ந்தவர்களிடம் இதையும் மெரோபெனெமையும் ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018-ல் வெளியானது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் இதில் 12.3 சதவீதம், மெரோபெனெமில் 3.7 சதவீதம். அது ரத்தத் தொற்று பற்றிய ஆய்வு, நிமோனியா பற்றியது அல்ல. இருந்தாலும் பி.பி. விழுந்து ஷாக்கில் இருக்கும் நோயாளிக்கு ஈ.எஸ்.பி.எல். சந்தேகம் இருந்தால் இதில் தொடங்க எனக்கு மனம் வராது.

செஃபிபைம் 2 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. சூடோமோனாஸுக்கு நல்லது. ஈ.எஸ்.பி.எல்.-க்கு நம்ப முடியாது. கவனிக்க வேண்டியது மூளை. சிறுநீரகம் மந்தமாகி அளவு குறைக்கப்படாவிட்டால் மூன்றாம் நாலாம் நாளில் நோயாளி குழம்புவார், சொன்ன வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்வார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். இதை 'ஐசியு குழப்பம்' என்று தள்ளிவிட்டு தூக்க மருந்து எழுதிவிடுகிறார்கள். வயதானவர் திடீரென்று மாறினால் முதலில் கிரியேட்டினினையும் செஃபிபைம் அளவையும் பாருங்கள்.

மெரோபெனெம் 1 கிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கு இதுவே நம்பகமான தேர்வு. ஆனால் எதிலும் முதலில் இதையே எழுதுவதால்தான் இதுவும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இமிபெனெம் 500 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலிப்பு உள்ளவர்கள், தலையில் அடிபட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைவிட மெரோபெனெம் பாதுகாப்பு. எர்டாபெனெம் இந்தப் பட்டியலில் இல்லை. சூடோமோனாஸும் அசினெட்டோபாக்டரும் அதற்குக் கட்டுப்படாது. 'எதுவும் பெனெம்தானே' என்று மாற்றி எழுதிவிடக் கூடாது.

லெவோஃப்ளாக்சசின் 750 மி.கி., நாளுக்கு ஒருமுறை. நம் நாட்டில் இதைத் தனியாக நம்பித் தொடங்காதீர்கள். சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் எதிர்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், இது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். பல வாரமாக இருமலும் எடைக் குறைவும் உள்ளவர் வேறு எதற்கோ சேர்ந்து அங்கே நிமோனியா என்று இதைப் போட்டால், காய்ச்சல் தற்காலிகமாக இறங்கும், சளிப் பரிசோதனையில் டி.பி. தப்பிவிடும், கண்டுபிடிப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

இரண்டாவது மருந்தாக அமிகாசின் சேர்ப்பதானால் கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. வரை, நாளுக்கு ஒரே வேளை. நுரையீரலுக்குள் அது சரியாக ஏறாது. அதனால் துணைக்கு மட்டும்தான், தனியாகக் கூடாது. கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) வந்து முதல் மருந்து கேட்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வான்கோமைசினா, லினெசோலிடா, டெய்கோபிளானினா? மூன்றும் ஸ்டாக்கில் இருக்கிறது. டாப்டோமைசினும் கேட்கிறார்கள். – ஆஸ்பத்திரி மருந்தாளுநர், ஈரோடு

பதில்: டாப்டோமைசினை நிமோனியாவுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் இருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பூச்சு அதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். ரத்தத் தொற்றுக்கு நல்ல மருந்து, இங்கே வீண்.

வான்கோமைசினும் லினெசோலிடும் நேருக்கு நேர் மோதிய பெரிய ஆய்வு 2012-ல் வந்த செஃபைர். எம்.ஆர்.எஸ்.ஏ. உறுதியான ஆஸ்பத்திரி நிமோனியாவில் குணமானவர்கள் லினெசோலிடில் 57.6 சதவீதம், வான்கோமைசினில் 46.6 சதவீதம். இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. சிறுநீரகக் கேடு வான்கோமைசினில் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் கிரியேட்டினின் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவருக்கு லினெசோலிட் 600 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நல்ல தேர்வு. வாய்வழி கொடுத்தாலும் அநேகமாக முழுவதும் உடலில் ஏறும். ஆனால் பிளேட்லெட் குறைவாக உள்ளவர், மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்க வேண்டாம். அந்த மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், உடல் விறைப்பு எனச் செரடோனின் கோளாறு வரலாம். இரண்டு வாரத்தை நெருங்கும்போது பிளேட்லெட் இறங்குவதும் இதில் வழக்கம்.

வான்கோமைசின் என்றால் முதல் டோஸ் கிலோவுக்கு 25 முதல் 30 மி.கி., பிறகு 15 மி.கி. வீதம் 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. '1 கிராம் காலை, 1 கிராம் இரவு' என்று 50 கிலோக்காரருக்கும் 90 கிலோக்காரருக்கும் ஒரே சீட்டு வருவதைக் கண்டால் திருப்பிக் கேளுங்கள். 1 கிராம் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வேகமாக ஓட்டினால் முகம், கழுத்து, மார்பு சிவந்து அரிக்கும், பி.பி. இறங்கும். அது அலர்ஜி அல்ல, வேகத்தின் விளைவு. நிறுத்தி, அரிப்பு அடங்கியபின் பாதி வேகத்தில் ஓட்டலாம். 'வான்கோமைசின் அலர்ஜி' என்று சிவப்பு மையில் எழுதி அந்த நோயாளிக்கு அந்த மருந்தையே ஆயுளுக்கும் அடைத்துவிடாதீர்கள்.

டெய்கோபிளானினில் தவறு நடப்பது லோடிங்கில். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக முதல் மூன்று டோஸையும் முழுமையாகக் கொடுத்தபின்தான் நாளுக்கு ஒன்று. அதைத் தாண்டிவிட்டு முதல் நாளிலிருந்தே தினம் ஒன்று கொடுத்தால், ரத்தத்தில் அளவு எட்டுவதற்குள் பல நாள் போய்விடும்.

மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. பி.சி.ஆர். பரிசோதனை உங்கள் லேபில் உண்டா? 'இல்லை' என்று வந்தால் அந்த நிமோனியாவுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் மூன்றில் எதுவானாலும் அன்றே நிறுத்திவிடலாம்.

கேள்வி: ஐசியு நர்ஸ். மெரோபெனெமை மூன்று மணி நேரம் ஓட்டச் சொல்கிறார்கள். முன்பு அரை மணியில் முடித்துவிடுவோம். இதனால் என்ன வந்துவிடும்? – சேலம் வாசகி

பதில்: மெரோபெனெம், பிப்பராசிலின், செஃபிபைம் மூன்றும் ஒரே குடும்பம். கிருமியை எவ்வளவு உச்சத்தில் தாக்கினோம் என்பதைவிட, மருந்தின் அளவு கிருமியைத் தடுக்கும் கோட்டுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதில்தான் இவற்றின் பலன் இருக்கிறது. அரை மணியில் ஓட்டினால் உச்சம் உயரும், சீக்கிரமே கோட்டுக்குக் கீழே போய்விடும். மூன்று மணி நேரம் ஓட்டினால் கோட்டுக்கு மேல் நிற்கும் நேரம் நீளும். இதையே நாள் முழுக்க விடாமல் ஓட்டிப் பார்த்த பிளிங்-3 ஆய்வு 2024-ல் வந்தது. 90 நாள் இறப்பு 24.9 சதவீதம், விட்டுவிட்டுக் கொடுத்தவர்களில் 26.8. புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் உறுதிப்படவில்லை. ஆனாலும் ஓரளவு எதிர்ப்புள்ள கிருமி என்றால் நீண்ட ஓட்டம் பக்கமே நிற்கலாம்.

உங்கள் கையில் இருக்கும் விஷயங்கள் இவை. முதல் டோஸை அரை மணியில் முடியுங்கள். அதையும் மெதுவாக ஓட்டினால் தொடக்கத்திலேயே மணிக்கணக்கில் நோயாளி மருந்தில்லாமல் இருப்பார். இரண்டாவது டோஸிலிருந்து நீட்டலாம். அடுத்தது, சலைன் செட் குழாயில் மாட்டிக்கொள்ளும் மருந்து. 100 மில்லி பாட்டிலில் கலந்து சாதாரண டிரிப் செட்டில் ஓட்டினால், பாட்டில் காலியானபோதும் குழாய்க்குள் சுமார் 15 மில்லி நின்றுகொண்டிருக்கும். அப்படியே செட்டைக் கழற்றி வீசினால் 1 கிராமில் 150 மி.கி. குப்பைக்குப் போனது என்று அர்த்தம். ஒவ்வொரு வேளையும் இப்படிப் போனால் ஏழில் ஒரு பங்கு டோஸ் நோயாளிக்குப் போகவே இல்லை. மருந்து முடிந்ததும் 20 மில்லி சலைனை அதே வேகத்தில் பின்னால் ஓட்டுங்கள். சிரிஞ்ச் பம்பும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் குழாயும் இருந்தால் இந்தத் தொல்லையே பெரிதாக இல்லை.

மெரோபெனெமைக் கலந்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். சலைனில் கலந்தவுடன் ஏற்றுங்கள். டெக்ஸ்ட்ரோஸில் அது இன்னும் சீக்கிரம் வீரியம் இழக்கும். ஏ.சி. இல்லாத வார்டின் சித்திரை வெயிலில் இது சாதாரண விஷயமல்ல. பிப்பராசிலினையும் அமிகாசினையும் ஒரே லைனில் ஒன்றாக ஓட்டக் கூடாது, ஒன்றையொன்று கெடுத்துவிடும். நடுவில் சலைன் விட்டு லைனைக் கழுவுங்கள்.

இன்னொன்று. முதல் டோஸுக்கு முன் கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று டியூட்டி டாக்டரிடம் கேட்கும் ஆள் பெரும்பாலும் நீங்கள்தான். இரண்டு கைகளிலிருந்தும் ரத்தம், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 3 மில்லி விட்டால் கிருமி தப்பிவிடும். டியூப் போட்டவரிடம் மியூகஸ் ட்ராப் வைத்து உறிஞ்சிய சளி, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு. ஆனால் பி.பி. விழுந்துகொண்டிருக்கும்போது சளிக்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போயாக வேண்டும்.

கேள்வி: அண்ணனுக்கு வென்டிலேட்டரில் பத்தாவது நாள். கல்ச்சரில் 'அசினெட்டோபாக்டர், எல்லா மருந்துக்கும் ஆர், கோலிஸ்டின் மட்டும் ஐ' என்று வந்திருக்கிறது. கோலிஸ்டின்தான் கடைசி மருந்தாமே? – நாகர்கோவில் வாசகர்

பதில்: அந்தத் தாளைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். 'ஆர்' என்றால் மருந்துக்குக் கட்டுப்படாது, 'எஸ்' என்றால் கட்டுப்படும், 'ஐ' என்றால் இரண்டுக்கும் நடுவில். ஆனால் மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி: அந்தக் கிருமி நோயை உண்டாக்குகிறதா, டியூபில் சும்மா குடியிருக்கிறதா? பல நாள் டியூப் போட்டவர் சளியில் அசினெட்டோபாக்டர் வளர்வது வழக்கம். புதிய காய்ச்சல், எக்ஸ்ரேயில் புதிய நிழல், ஆக்சிஜன் தேவை கூடுதல், சளியின் நிறமும் அளவும் மாறுதல், ஸ்லைடில் சீழ் அணுக்கள் நிறைய – இவை சேர்ந்திருந்தால்தான் நிமோனியா. எதுவும் இல்லாமல் தாளுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் சிறுநீரகம்தான் போகும்.

நிமோனியா உறுதி என்றால் நிலைமை கடினம்தான், மறைக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் அசினெட்டோபாக்டரில் பத்துக்கு எட்டுக்கும் மேல் மெரோபெனெமுக்குக் கட்டுப்படுவதில்லை. கோலிஸ்டின் தாளில் நல்லதாகத் தெரிந்தாலும் நுரையீரலுக்குள் போதுமான அளவு ஏறாது. உங்கள் தாளில் 'எஸ்' என்று இல்லாமல் 'ஐ' என்று இருப்பதற்குக் காரணமே அதுதான். கோலிஸ்டினுக்கு 'எஸ்' என்ற வகையையே 2020-ல் அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு எடுத்துவிட்டது.

அதனால் இன்று முதுகெலும்பாக வைக்கப்படுவது சல்பாக்டம். அசினெட்டோபாக்டருக்கு மட்டும் இந்தச் சின்ன மருந்துக்கு நேரடி வீரியம் உண்டு. ஆம்பிசிலின்-சல்பாக்டம் வழியாக நாளுக்கு மொத்தம் 9 கிராம் சல்பாக்டம் போகும்படி கணக்கிட்டு, கூடவே மினோசைக்ளின் அல்லது பாலிமிக்சின் பி போன்ற இன்னொன்று. செஃபோபெராசோன்-சல்பாக்டம் வாங்கும்போது குப்பியின் மேல் விகிதத்தைப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று கலவையும் உண்டு, இரண்டுக்கு ஒன்றும் உண்டு. 1.5 கிராம் குப்பியில் சல்பாக்டம் அரை கிராம்தான். சல்பாக்டம்-டர்லோபாக்டம் என்ற புதிய சேர்க்கைக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி கொடுத்தது. கோலிஸ்டினோடு ஒப்பிட்ட ஆய்வில் 28 நாள் இறப்பு 19 சதவீதம், கோலிஸ்டின் தரப்பில் 32.3.

கோலிஸ்டினே போடுகிறார்கள் என்றால் யூனிட் கணக்கில்தான் பெரிய தவறு நடக்கிறது. முதலில் 90 லட்சம் யூனிட், 12 மணி கழித்து 45 லட்சம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிரியேட்டினின் கூடியிருந்தாலும் முதல் டோஸைக் குறைக்கக் கூடாது, அடுத்தவற்றைத்தான் குறைக்க வேண்டும். 10 லட்சம் யூனிட் என்பது உப்புக் கணக்கில் சுமார் 80 மி.கி., அதற்குள் இருக்கும் மருந்தை மட்டும் எண்ணும் பேஸ் கணக்கில் சுமார் 34 மி.கி. ஒருவர் ஒரு கணக்கிலும் இன்னொருவர் மற்றொரு கணக்கிலும் எழுதினால் டோஸ் இரண்டு மடங்குக்கு மேல் பிசகும். எப்போதும் யூனிட்டில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாலிமிக்சின் பி வேறு மருந்து, அதற்கு 1 மி.கி. 10,000 யூனிட். சிறுநீரகத்துக்காக அளவைக் குறைக்க வேண்டியதில்லை. நெபுலைசரில் கோலிஸ்டின் கொடுப்பதானால் கலந்த உடனே கொடுக்க வேண்டும். கலந்து வைத்தால் அது நுரையீரலை எரிக்கும் வடிவத்துக்கு மாறிவிடும்.

டைகிசைக்ளினைத் தனியாக நம்பாதீர்கள். வழக்கமான அளவில் வென்டிலேட்டர் நிமோனியாவில் அது தோற்றது.

கேள்வி: க்ளெப்சியெல்லா, 'என்.டி.எம்.' என்று ரிப்போர்ட். செஃப்டாசிடிம்-அவிபாக்டமோடு அஸ்ட்ரியோனாமும் வாங்கி வரச் சொல்கிறார்கள். இரண்டும் விலை அதிகம். ஒன்று போதாதா? – மதுரை வாசகர்

பதில்: போதாது. டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். என்.டி.எம். நொதி செஃப்டாசிடிமை உடைக்கும், அவிபாக்டத்தால் அந்த நொதியைத் தடுக்க முடியாது. அஸ்ட்ரியோனாமை என்.டி.எம். உடைக்காது. ஆனால் அதே கிருமியில் கூடவே இருக்கும் ஈ.எஸ்.பி.எல். போன்ற நொதிகள் உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டம் அடைத்து நிற்கும், அந்த மறைவில் அஸ்ட்ரியோனாம் கிருமியைக் கொல்லும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்தால் வாங்கியதன் பலன் போய்விடும். வழக்கமான அளவு 2.5 கிராமும் 2 கிராமும், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரிப்போர்ட்டில் என்.டி.எம். இல்லாமல் ஆக்சா-48 என்ற வேறு நொதி மட்டும் என்றிருந்தால் முதல் மருந்து மட்டும் போதுமா என்று கேட்கலாம். இந்த ஜோடி அசினெட்டோபாக்டருக்கு உதவாது.

என்.டி.எம். நமக்கு அந்நியமானதல்ல. அது பரவியிருப்பதைக் காட்டிய 2010-ம் ஆண்டு ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன.

கேள்வி: சென்னையில் கண்டுபிடித்த புதிய ஆன்டிபயாட்டிக் இதற்கெல்லாம் கேட்குமா? – காரைக்குடி வாசகர்

பதில்: நீங்கள் சொல்வது சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம். செஃபிபைமோடு சேர்த்து வருகிறது, 2024-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. ஐரோப்பிய அனுமதியில் ஆஸ்பத்திரி நிமோனியாவும் உண்டு. ஈ.எஸ்.பி.எல். கிருமிக்கு மெரோபெனெமைத் தொடாமல் வைத்தியம் செய்ய இது ஒரு வழி, அந்த இடம் மிக முக்கியமான இடம். என்.டி.எம். க்ளெப்சியெல்லாவுக்கும், எதிர்ப்புள்ள அசினெட்டோபாக்டருக்கும் கேட்காது. பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடந்தது சிறுநீர்த் தொற்றில், நிமோனியாவில் அல்ல.

கேள்வி: பென்சிலின் அலர்ஜி என்று சொன்னோம். எல்லா ஊசிக்கும் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தே நேரம் போகிறது. – விருதுநகர் வாசகி

பதில்: என்ன நடந்தது என்பதை விரிவாகச் சொல்லுங்கள், டெஸ்ட் டோஸைவிட அதுதான் உதவும். ஊசி போட்ட ஒரு மணிக்குள் உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் உண்மையான அலர்ஜி. வயிற்றுப்போக்கு வந்தது, வாந்தி வந்தது என்றால் அலர்ஜி அல்ல. உண்மையான பென்சிலின் அலர்ஜிக்காரருக்கும் மெரோபெனெம் ஒத்துக்கொள்ளாமல் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணான வரலாறு இருந்தால் மட்டும் பென்சிலினும் மெரோபெனெமும் அடங்கிய இந்தக் குடும்பம் முழுவதையும் தவிர்க்க வேண்டும். முன்பு எதுவுமே நடக்காதவருக்குத் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸால் பெரிய பயன் இல்லை.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு கணவருக்கு வலிப்பு. சோடியம் வால்ப்ரோயேட்டில் நின்றிருந்தது. நிமோனியாவுக்கு மெரோபெனெம் தொடங்கி இரண்டாம் நாள் மறுபடி வலிப்பு. ஊசியின் வீரியம் தாங்கவில்லையா? – கடலூர் வாசகி

பதில்: உங்கள் கவனிப்பு மிகச் சரியானது, இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மெரோபெனெம், இமிபெனெம் போன்றவை ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவை ஓரிரு நாளிலேயே தரைக்குக் கொண்டுவந்துவிடும். வால்ப்ரோயேட்டைக் கூட்டினாலும் ஏறாது. கல்ச்சர் இடம் கொடுத்தால் பிப்பராசிலின்-டாசோபாக்டத்துக்கு மாறலாம். மெரோபெனெம் தவிர்க்க முடியாது என்றால் லெவெட்டிராசெட்டம் சேர்க்க வேண்டும். மெரோபெனெம் நின்றபின்னும் வால்ப்ரோயேட் அளவு பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதனால் புதிய வலிப்பு மருந்தை டிஸ்சார்ஜ் அன்றே நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: முதல் நாளே 'ஹையர் ஆன்டிபயாட்டிக்' போடச் சொல்லிக் கேட்கலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: ஹையர், லோயர் என்று ஏணி எதுவும் இல்லை. சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்த நிமோனியாவுக்கு, மலிவான செஃபசோலினைவிட 'ஹையர்' வான்கோமைசின் மட்டமான மருந்து. கேட்க வேண்டியது வேறு: ஊசிக்கு முன் கல்ச்சர் எடுத்தார்களா, என்ன வளர்ந்தது, மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் எதை நிறுத்தப் போகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நினைவோடு இருப்பவருக்கு நாளுக்கு இரண்டு முறையாவது பிரஷ்ஷால் பல் துலக்கிவிடுங்கள். பல் துலக்குவதால் ஆஸ்பத்திரி நிமோனியா குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: மாமியாருக்கு ஊசி ஏழு நாள் முடிந்தது. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜனும் எடுத்தாயிற்று. எக்ஸ்ரேயில் இன்னும் நிழல் இருக்கிறது என்று செஃபிக்சிம் மாத்திரை பத்து நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். – புதுச்சேரி வாசகி

பதில்: ஏழு நாள் போதும். 2003-லேயே வென்டிலேட்டர் நிமோனியாவில் 8 நாளையும் 15 நாளையும் ஒப்பிட்டு, இறப்பில் வித்தியாசம் இல்லை என்று காட்டினார்கள். நேபாளம், தாய்லாந்து, சிங்கப்பூர் ஐசியு-களில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், காய்ச்சலும் பி.பி.-யும் சீரானவர்களுக்கு ஏழு நாளோ அதற்குக் குறைவாகவோ கொடுத்தது நீண்ட சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. பக்கவிளைவு வெகுவாகக் குறைந்தது. நுரையீரலில் சீழ்க்கட்டி, நெஞ்சுக்கூட்டில் சீழ், ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்றால் கணக்கு வேறு. அப்படி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே நிழல் கரைய வயதானவர்களுக்குப் பல வாரம் பிடிக்கும், அதைப் பார்த்து மருந்தை நீட்டத் தேவையில்லை. செஃபிக்சிமுக்குச் சூடோமோனாஸும் கட்டுப்படாது, ஈ.எஸ்.பி.எல். கிருமியும் கட்டுப்படாது. 'ஊசி முடிந்துவிட்டது, கல்ச்சரில் வளர்ந்த கிருமிக்கு இந்த மாத்திரை தேவையா?' என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிற்றுப்போக்கு நாளுக்கு மூன்று முறைக்கு மேல் போனாலோ அன்றே காட்டுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தவர் என்றால் ஆறு வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்து நிழல் முழுதும் போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள்.